காரணம் எழுதாத சிவப்பு டேக்

வெங்கடப்பா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை, முதல் ஷிஃப்ட். பாகலூரில் அவரை ஏற்றிக்கொண்டு ஓசூருக்கு வேலைக்குப் போவது பல வருடப் பழக்கம். அவருடைய மைத்துனர் வெளியே வந்து, "மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க சார்" என்றார். காரின் இரைச்சலுக்காகக் கோபப்படுகிறார் என்று நினைத்து அசட்டுத்தனமாகச் சிரித்தேன். "மாமா போயிட்டாரு சார். விடிகாலைல நெஞ்சுவலி. இப்பதான் ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன் வந்துச்சு" என்றார். அந்தச் சிரிப்பு என் முகத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை.

அந்த இரைச்சலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று கை மாறி என்னிடம் வந்த பழைய பெட்ரோல் கார் அது. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே, நின்ற இடத்தில் எஞ்சின் உறுமும். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே வெங்கடப்பா டிஃபன் பாக்ஸோடு வாசலுக்கு வந்துவிடுவார். "உன் வண்டிக்கி ஹாரன் எதுக்குப்பா, தண்டம்!" என்பார். அன்று அவர் வராததால்தான் ஹாரன் அடித்தேன்.

உங்களில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய சிவப்பு டேக் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் சந்தேகமான பாகத்தைக் கண்டால் தர ஆய்வில் இருப்பவர் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அதில் 'காரணம்' என்று ஓர் இடம் உண்டு. பலரும் வாய்க்கு வந்ததை எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். அந்தப் பிரிவில் இருந்த வெங்கடப்பா மட்டும் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். மேலாளர் ஒருமுறை எல்லார் முன்னாலும், "இத எழுதவா உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டார். "காலியா உட்டாதான் சார் தப்பு. தெரிஞ்சி மறைக்கிறான்னு ஆயிடும்" என்றார் இவர்.

நான் மெஷின் பராமரிப்புப் பிரிவு. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக் மாற்றி, அதன் ஸ்க்ரூவையும் திருகினேன். முன்பு உறுமிய எஞ்சின் அலறத் தொடங்கியது. வெங்கடப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மூணையும் ஒரே நாள்ல பண்ணிட்டியே, இப்ப எதுன்னு கண்டுபுடிக்கிறது? ஒருநாளைக்கி ஒண்ணுதான் பாக்கணும்." அதன்பிறகு தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் டீக்கடை ஓரம் பானட்டைத் திறந்துவைத்து, ஒரு நாளைக்கு ஒரு ரப்பர் குழாயைக் குறடால் நசுக்கிச் சத்தத்தைக் கவனிப்பார். காற்று கசியும் குழாயை நசுக்கினால் இரைச்சல் அடங்கும். குழாயோடு தெலுங்கில் பேசுவார், வேடிக்கை பார்க்கும் ஆட்டோக்காரரோடு கன்னடத்தில், என்னோடு தமிழில். எனக்கு மூன்றுமே ஒன்றாகத்தான் விளங்கின.

அவர் போவதற்கு முந்தைய சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீ நோண்ட ஆரம்பிச்ச பெறகுதான்ப்பா கூடிப்போச்சு" என்றேன். அது பொய். சொல்லும்போதே பொய் என்று தெரியும். அவர் இன்னும் கொஞ்ச நேரம் எஞ்சின் மேல் குனிந்திருந்துவிட்டு, பானட்டை மெல்லச் சாத்தினார். "உடுப்பா, திங்கக்கெழம பேசிக்கலாம்" என்றார்.

காரியம் எல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் பானட்டைத் திறந்தேன். கார்புரேட்டருக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயில் சிவப்பு டேக் கட்டியிருந்தது. சனிக்கிழமைத் தேதி, அவர் கையெழுத்து. எஞ்சினை ஓடவிட்டுக் குழாயை நசுக்கிப் பார்த்தேன், இரைச்சல் அடங்கியது. அடிப்பக்கத்தைத் தடவினால் நக நீளத்துக்கு ஒரு கிழிசல். அந்த ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றும்போது நான் பிடித்து இழுத்த குழாய் அது. பழைய ரப்பர், தானாகவும் விட்டிருக்கலாம். காரணம் என்ற இடத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

வெங்கடப்பா அந்த இடத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததே இல்லை. என் கைவேலை என்று தெரிந்துகொண்டு என்னைக் காப்பாற்றினாரா? இல்லை, திங்கட்கிழமை என்னைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று விட்டாரா? நான் சொன்ன சொல் தாங்காமல் எழுத மனம் வரவில்லையா? எத்தனை முறை யோசித்தாலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

புதுக் குழாய் போட்டாயிற்று. கார் இப்போது சத்தமில்லாமல் நிற்கிறது, அவர் வீட்டைத் தாண்டிப் போனால் யாருக்கும் தெரிவதில்லை. பழைய குழாயை டேக்கோடு கழற்றி என் லாக்கரில் வைத்திருக்கிறேன். நூலை அவிழ்க்கவில்லை, கட்டியவன் நான் இல்லை. நேற்று பேனாவை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். என் பெயரை எழுதுவதா, 'தெரியவில்லை' என்று எழுதுவதா என்று புரியாமல் அவர் விட்டபடியே விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் சொன்னது தப்பு, வெங்கடப்பா. அது மட்டும் எனக்குத் தெரியும்.