ஏதென்சில் சுழலும் சக்கரம்

மாமனாரைத் தீக்குழியில் தள்ளிக் கொன்ற இக்சியோன் பாதாளத்தில் எரியும் சக்கரத்தில் என்றென்றும் சுழல்கிறான் என்று நடுங்குகிறீர்களே, ஏதென்ஸ்காரர்களே, நம் ஊர்ச் சக்கரத்தில் சுழன்றவன் யார் என்று கேட்டீர்களா?

அவன் பெயர் திபியோஸ். நௌசியாஸ் வீட்டில் மாவரைத்த அடிமை. எசமான் தன் மாமனாரைக் கத்தியால் குத்திக் கொன்றதைக் கண்ணால் கண்டவன். கண்டதை அன்றே சொன்னான். ஆனால் அடிமையின் சொல்லை வதைத்து வாங்கினால்தான் அது நம் நீதிமன்றத்தில் செல்லும். அதனால் அவனை உடலை இழுத்து முறிக்கும் வதைச் சக்கரத்தில் கட்டினார்கள்.

"எசமான், கதையில கொன்னவனத்தானே கட்டுனாங்க? இங்க பார்த்தவனக் கட்டுறீங்களே!" என்று சிரித்தான்.

"நாய்க்கு வாயப் பாரு! இன்னும் இறுக்குடா" என்றான் நௌசியாஸ்.

தோள்மூட்டு கழன்றது. "அவருதான் குத்துனாரு." முழங்கால் முறிந்தது. "அவரேதான்." விலா எலும்புகள் நொறுங்கியபோது, "யாரும் குத்தல, விட்டுடுங்க" என்று அலறினான். அதைத்தான் உண்மை என்று எழுதிக்கொண்டார்கள். நௌசியாஸ் விடுதலையானான். திபியோஸ் அன்று மாலையே செத்தான்.

நாளை இன்னோர் அடிமையைக் கட்டப்போகிறார்கள். தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள். பாதாளத்துச் சக்கரத்தை விடுங்கள். அவனைக் கட்டும் முன் எழுந்து போய், இந்தச் சக்கரத்தை உடையுங்கள்.