கலவரம் அல்ல, குழப்படி

என் சைக்கிளை உடைத்தவர்களை மன்னிக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நல்லவளாக வருவது கடைசியில்தான், அதுவும் அரைகுறையாக.

தொண்ணூறுகளின் தொடக்கம். வட்டக்கச்சிக்குக் கிட்ட, குளத்துத் தண்ணீரை நம்பியிருந்த குடியேற்றத் திட்டம் ஒன்றில் இருந்தோம். பெற்றோலைக் கண்ணால் காணாத காலம். சைக்கிள் இல்லாதவர் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அப்போது நான் கமக்காரர் சங்கத்தின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், செயலாளர். எழுத்து உருண்டையாக இருந்தது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. கூட்டத்தில் நடந்ததைக் கொப்பியில் எழுத வேண்டும், அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எல்லோரும் சரி என்றால் அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

அந்த வருடம் மழை பிழைத்துக் குளம் பாதிதான் நிறைந்திருந்தது. கோடை விதைப்பான சிறுபோகத்துக்கு யாருக்குத் தண்ணீர் என்று முடிவு செய்யக் கூடினோம். வாய்க்காலின் தலைப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற எங்கள் குடும்பங்கள். வாய்க்காலின் கடைசியில் பன்னிரண்டு மலையகக் குடும்பங்கள். தேயிலைத் தோட்டத்தில் வீடு எரிக்கப்பட்டு, உடுத்த துணியோடு வந்து, காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள். கடைசிக்குத் தண்ணீர் இல்லை என்று தலைவர் அறிவித்தார். அரை மணித்தியாலத்தில் மூன்று கதிரைகள் முறிந்தன, ஒரு யன்னல் போனது, தண்ணீர் முறை எழுதிய பலகை இரண்டாகப் பிளந்தது. வெளியே மரத்தில் சாத்தியிருந்த என் சைக்கிளின் முன்சில்லு அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

அடுத்த நாள் காலை, பல்லைக் கூடத் தீட்டாமல் இருந்து எழுதினேன். ‘கடைசி வாய்க்கால் ஆட்கள் கலவரம் செய்தார்கள்.’ கலவரத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். ஐந்து ஆண்களின் பெயரை எழுதினேன். அந்த நாட்களில் அப்படி ஓர் அறிக்கை மேலே, இயக்கத்திடம் போனால் பெயர் உள்ளவர்களை விசாரணைக்குக் கூட்டிப்போவார்கள். எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கிணற்றடியிலும் கடையிலும் இதே கதைதான். எங்கள் வீட்டுக் குசினியும் தப்பவில்லை.

“பேரைக் குடுத்தால்தான் புத்தி வரும். இப்ப விட்டால் நாளைக்கு வீட்டுக்குள்ளை வருவினம்” என்றார் அப்பா.

“ஒரு சைக்கிளுக்கு அஞ்சு ஆம்பிளையளோ?” என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பாதிச் சோற்றோடு எழும்பிப் போனேன். கோபம் அம்மாவின் கேள்வியால் மட்டுமல்ல. நான் எழுதாமல் விட்ட ஒன்று உள்ளே இருந்து குடைந்துகொண்டிருந்தது. முதல் கதிரை முறிவதற்கு முன்னே, கேள்வி கேட்க எழும்பிய மனிதனின் கழுத்தில் கைவைத்துத் தள்ளியவர் என் அப்பா. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாத சனம். நான் அறிக்கையை வாசித்தேன். பட்டியலில் முதல் பெயருக்குரியவரின் மனைவி எழுந்து நின்றார். எங்கள் வயலில் நாற்று நட வருபவர். ஆறு வருடமாகத் தெரியும், ஆனால் ஒரு நாளும் அவரை அக்கா என்று நான் கூப்பிட்டதில்லை.

“தங்கச்சி, அந்த ஒரு வார்த்தைய மட்டும் வெட்டிடுங்க.”

“எந்தச் சொல்?”

“கலவரம்.”

முன்வரிசையில் சிரிப்புக் கேட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“கலவரம்னா என்னான்னு எங்களுக்குத் தெரியும். எங்க லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சப்ப நான் எட்டு மாசப் புள்ளத்தாச்சி. ரெண்டு நாளு தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். அதச் செஞ்சவன் ஒருத்தனும் அப்பறமா வந்து எங்க முன்னுக்கு ஒக்காரல. நாங்க வந்து ஒக்காந்திருக்கோம். இது கலவரம் இல்ல. புள்ளைங்க சேட்ட பண்ணா ஒங்க பேச்சுல ஒண்ணு சொல்லுவீங்களே, குழப்படின்னு. அதுதான் இது.”

“கதிரையை உடைக்கிறது குழப்படியோ?” என்று அப்பா பாய்ந்தார்.

“ஆமாங்கய்யா, பெரிய குழப்படிதான். தண்டன குடுங்க, வேணாங்கல. கலவரக்காரன்னு எழுதிட்டா என் வூட்டுக்காரரு திரும்பி வர மாட்டாரு.” என் பக்கம் திரும்பினார். “சைக்கிள மிதிச்சது அவரு இல்ல தங்கச்சி. நாந்தான். எனக்கும் ஒரு வாரமா காலு வீங்கிக் கெடக்கு.”

மண்டபமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு அடங்க முன்பே பின்னாலிருந்து ஒருவர், “ஒரு நாக்காலி நான்” என்றார். “பலக நான்” என்றார் இன்னொருவர். அவருடையதோடு சேர்த்து ஏழு கைகள் உயர்ந்தன. என் பட்டியலில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேருடைய கைதான் அந்த ஏழுக்குள் இருந்தது. மற்ற இருவரும் அன்றைக்கு ஒரு துரும்பையும் தொடவில்லையாம். கோபத்தில் பெயர் எழுதினால் அப்படித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பேனையைத் திறந்து ‘கலவரம்’ என்பதை வெட்டினேன். அதோடு சும்மா இருக்க முடியவில்லை. “முதலிலை கை வைச்சது ஆரெண்டும் எழுத வேணும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டது. சால்வையை உதறித் தோளில் போட்டபடி எழுந்தார்.

“என்ரை கைதான். எழுது பிள்ளை.”

பிறகு தண்டனை பற்றிய வாக்குவாதம் மத்தியானம் வரை நடந்தது. அடுத்த போகத்துக்கும் தண்ணீரை மறிக்க வேண்டும் என்றார்கள் சிலர். முடிவில், கை உயர்த்திய ஏழு பேரும் அப்பாவும் கதிரைகளைத் திருத்தி, வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைசிவரை துப்புரவாக்குவது என்று தீர்மானித்தோம். மேலே அறிக்கை போகவேண்டாமா என்று ஒருவர் கேட்டார். “குழப்படிக்கு ஆரும் மேலை அறிக்கை அனுப்பிறேல்லை” என்று தலைவர் முடித்துவைத்தார். தண்டனை காணாது, இன்னும் வேண்டும் என்று முணுமுணுத்தவர்கள் கடைசிவரை முணுமுணுத்தார்கள். அவர்களிலும் நாலைந்து பேர் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கியதை நான் கண்டேன். அப்பா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மூன்று நாளும் அந்த அக்காவின் புருசனோடு ஒரே மடையில் நின்று சேறு அள்ளினார்.

தூர் எடுத்த வாய்க்காலில் தண்ணீர் வழியில் தேங்கி வீணாகாமல் ஓடியதால் கடைசிக்கும் கொஞ்சம் மிஞ்சியது. கடைசி வாய்க்கால்காரர் வீட்டுக்குக் கால் ஏக்கர்படி விதைத்தார்கள். அது போதாதுதான். ஆனால் விதைத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் சைக்கிளில்தான் போனேன். அக்காவும் புருசனும் சில்லை நிமிர்த்திக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். அது இன்னும் கொஞ்சம் ஆடியது. கொப்பியை விரித்து, திருத்தி எழுதியதை வாசித்தேன்: “சென்ற கூட்டத்துக்கு முந்திய கூட்டத்தில் குழப்படி நடந்தது. முதலில் கை வைத்தவர் செயலாளரின் தகப்பனார். அதை முதலில் எழுதாமல் விட்டவர் செயலாளர்.”

“எல்லாருக்கும் சரியோ?” என்று கேட்டேன்.

முதலாவது “ஓம், சரி” அப்பாவுடையது.