சூடேற மறுத்த எஞ்சினோடு பேர்லினுக்கு

காலை 7.10. ஹம்பேர்க்கில் மைனஸ் எட்டு டிகிரி. நான் விருந்தாளியாகத் தங்கியிருந்த வீட்டின் ராஜி அக்காவோடு பேர்லினுக்குக் கிளம்பினேன். தூரம் 290 கிலோமீட்டர். நிமோனியாவில் இரண்டு வாரம் அங்கே மருத்துவமனையில் கிடந்த அவருடைய தம்பி குகனை மாலை நான்கு மணிக்குள் போய் அழைத்துக்கொள்ள வேண்டும். இருபது அடி நடந்தாலே மூச்சிரைக்கும் அவரை ரயிலில் கொண்டுவர வழியில்லை. அதனால் கார்.

சிக்கலே அந்தக் காரில்தான். ஊருக்குள் ஹீட்டர் சுமாராகச் சுடும். நெடுஞ்சாலை ஏறி வேகம் பிடித்தால் குளிர்காற்றுதான்.

"மூண்டு கிழமையா இப்பிடித்தான். ஒரு கராஜில ஹீட்டர் மோட்டரை மாத்தினவை. பிறகும் அதே குளிர்," என்றார் அக்கா.

இரவு பெய்த பனியை விடியும் முன்பே வழித்து, உப்புத் தூவி, சாலையைத் துடைத்து வைத்தாற்போல் விட்டிருந்தார்கள். அதை ரசிக்கத்தான் முடியவில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கால்பங்கைத் தாண்டவே இல்லை. எங்கள் மூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்து படிய, நான் துணியால் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

8.45. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, லுட்விக்ஸ்லுஸ்ட் என்ற சிற்றூருக்குள் நுழைந்தோம். "தம்பியை இதுக்குள்ள ஏத்த ஏலாது," என்றார் அக்கா.

ஊர் எல்லையில் ஒரு சிறிய கராஜ். ஜெர்மன் மொழியில் பேச ஆரம்பித்த அக்காவை, நீல மேலாடை அணிந்த முப்பது வயதுப் பெண் இடைமறித்தாள். "அக்கா, நீங்கள் தமிழே?"

பெயர் அபிரா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு பேர்லினில் பிறந்தவள். கார் திருத்தும் தொழிலில் மூன்றரை வருட 'அவுஸ்பில்டுங்' பயிற்சி முடித்து, கணவரின் ஊரான இங்கே வேலை பார்க்கிறாள்.

"எஞ்சின் நல்லா ஆறவேணும். ஒண்டரை மணித்தியாலம் இருங்கோ."

"எனக்கு நேரமில்லைப் பிள்ளை."

"சூட்டோட பாத்தா நானும் பிழையாத்தான் சொல்லுவன் அக்கா."

பக்கத்து பேக்கரியில் காபி 2.80 யூரோ. அக்கா வாங்கியதைக் குடிக்கவில்லை. தம்பிக்கு இரண்டு முறை போன் செய்து, "வந்துகொண்டிருக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

10.20. அபிரா முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் அளவைப் பார்த்தாள். குறையவில்லை. வெப்பநிலை காட்டும் கருவியைச் செருகி எஞ்சினை முடுக்கினாள். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் காட்டினாள்.

"இதில கை வையுங்கோ அக்கா. எஞ்சின் சூடாகும்வரைக்கும் இது குளிராத்தான் இருக்கவேணும். உள்ளுக்க தெர்மோஸ்டாட் எண்டு ஒரு சின்ன வால்வு, தண்ணியை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிச்சுக்கொண்டு நிக்கும்."

ஐந்து நிமிடம் போயிருக்கும். "இளஞ்சூடா வருகுது," என்றார் அக்கா.

கருவியில் 38 டிகிரி. "அப்ப வால்வு மூடேல்லை. திறந்தபடியே இறுகிப்போச்சு. வேகமா ஓட ஓடக் குளிர்காத்து ரேடியேட்டரில அடிச்சு எஞ்சினை ஆறவைக்குது. பிறகு ஹீட்டருக்குச் சூடு எங்கால வரும்?"

"இவ்வளவுதானோ?" சிரிக்க ஆரம்பித்த அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கோயம்புத்தூரில் என் மெக்கானிக் இதே வால்வைக் கழற்றி வீசியிருக்கிறார். 'நம்ம வெயிலுக்கு இது தண்டம் சார்' என்றார். நானும் அவரைக் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். அபிராவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "இஞ்ச அதை எறிஞ்சா போர்வையோடதான் கார் ஓடவேணும்."

11.40. ஷ்வேரின் நகரிலிருந்து புது வால்வு வேனில் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். மாட்டி முடித்து எஞ்சினை ஓட்டியபோது குழாய் நெடுநேரம் சில்லென்றே இருந்தது. 88 டிகிரியைத் தாண்டியதும் திடீரெனச் சூடேற, அக்கா கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் அபிரா எங்களை அனுப்பவில்லை. நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, முள் நடுவில் அசையாமல் நிற்பதை அக்காவின் கண்ணுக்குக் காட்டிய பிறகே சாவியைக் கொடுத்தாள்.

இந்த நாட்டின் சாலைகளையும் ரயில்களையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒருத்தி அவசரப்பட மறுத்து ஒன்றரை மணிநேரம் காத்திருந்ததுதான் என்னை அதிகம் வியக்கவைத்தது.

3.15. பேர்லின். குகன் கனத்த ஜாக்கெட்டும், வாயை மூடிய சால்வையுமாக வந்து பின்சீட்டில் ஏறினார். பத்து நிமிடத்தில் சால்வை போனது. நகர எல்லை வருமுன் ஜாக்கெட்டும்.

"அக்கா, ஹீட்டரைக் கொஞ்சம் குறையுங்கோவன். வேர்க்குது."

"வேர்க்கட்டும். பேசாமல் இரு," என்றார் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.