அம்மாவின் பெயரில் வந்த நோட்டீஸ்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா அம்மாவுக்கு அரசாங்க நோட்டீஸ் கொடுத்தார். அன்புவழிபுரத்தில் அதற்கு முன் எந்தக் கணவரும் அப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்பா பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரார் பி.எச்.ஐ ஐயா என்பார்கள். மாரி மழையோடு டெங்கு பரவிய அந்த வருடம், கடற்கரைப் பக்கத்துச் சிறு ஒழுங்கை வீடுகளில்தான் காய்ச்சல் அதிகம். தண்ணீரில் நுளம்புக் குடம்பிப் புழுக்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம், துப்புரவாக்காவிட்டால் வழக்கு என்று ஒரு நாள் அவர் சிவப்பு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அன்று பின்னேரமே ஒரு பெண் அந்த நோட்டீசோடு எங்கள் படலையடிக்கு வந்தார். அவருடைய மகன் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

“ஐயா, எங்கட பக்கம் பைப்பில தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. பீப்பாவில பிடிச்சு வைக்காமல் என்ன செய்யிறது?” என்றவர், எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்தார். “இந்த றோட்டு வீடுகளையும் ஆரும் பாக்கிறவையோ?”

எங்கள் தெருவில் எல்லாம் உத்தியோகத்தர் வீடுகள். அங்கே அப்பா ஒரு பூச்சாடியைக்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சீருடை போட்டுக்கொண்டு வெளியே போனவர், திரும்பி வந்து எங்கள் படலையைத் தட்டினார்.

“என்ன, எதையும் விட்டிட்டுப் போட்டியளோ?” என்றார் அம்மா.

“பரிசோதனைக்கு வந்தனான்.”

கிணற்றடியிலிருந்து கூரைப் பீலி வரை தேடினார். கடைசியில் குசினியில், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டில் குடம்பிகள் நீந்திக்கொண்டிருந்தன. வீடு அம்மாவின் சீதனம். ஆகவே நோட்டீசும் அம்மாவின் பெயரில் எழுதப்பட்டது. அம்மா கையெழுத்து வைத்து வாங்கினார். அதன்பின் பத்து நாள் அப்பாவோடு கதைக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறுகிறது என்பதைக்கூட நான்தான் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அப்பாவுக்கு இடமாற்றம் கிடைக்கவேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டேன்.

அப்பாவோ தெருவில் ஒரு வீட்டையும் விடவில்லை. முறைத்தவர்களிடம், “என்ர வீட்டிலயே எழுதினனான்” என்பார். அதற்குமேல் யாரும் வாசலில் மறித்து நிற்கவில்லை. ஒழுங்கைக்கு மட்டும் நோட்டீஸ் இல்லாமல் போனார். தினமும் தண்ணீர் வரவேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அதுவரை பீப்பாக்களுக்கு மூடி வேண்டுமே. சேர்த்துக் கொண்டுவந்த பழைய நுளம்பு வலைகளை அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அம்மா இரண்டு நாள் அவற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போய், ஒவ்வொரு பீப்பாவின் வாயையும் அளந்து வந்தார். இலாஸ்டிக் வைத்து மூடிமூடியாகத் தைத்தார். மழை முடியுமுன் அங்கே காய்ச்சல் அடங்கியது. அந்தப் பெண்ணின் மகனும் சுகமாகி வந்தான். அடுத்த வருடம் பைப்பில் தினமும் தண்ணீர் வந்தது.

அம்மா அந்த மூடிகளைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் நான் கேட்டேன், “அம்மா, இது நோட்டீசுக்கு அப்பா தந்த தண்டனையோ?”

“ஓம்” என்று நூலைப் பல்லால் கடித்தவர், நோட்டீசுக்குப் பிறகு முதல்தடவையாக, விறாந்தையிலிருந்த அப்பாவிடம், “உங்கட மகள் கேக்கிறது விளங்குதோ?” என்றார்.

இருவரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்டனை வாங்கியவர் ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.