நாற்பத்தொரு மதிப்பெண் வாங்கிய ஸ்டௌட்

வெர்லின் ஹாக்ஸ்டாடுக்கு மூக்கு போய் இரண்டு வருடம் ஆகிறது. முகத்தில் மூக்கு இருக்கிறது, கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது. அதற்கு வேலைதான் இல்லை. ஒரு குளிர்காலக் காய்ச்சல் வந்து போனபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது, திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் முப்பத்தொரு வருடம், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை உலர்த்தும் சூளையில் வேலை பார்த்தவர். பூவை உள்ளங்கையில் கசக்கி ஒரு தடவை முகர்ந்தால் போதும், யார் தோட்டத்தது, எத்தனை நாள் தாமதமாகப் பறித்தது என்று சொல்லிவிடுவார். ஊரே அவரை ‘மூக்கு’ என்றுதான் கூப்பிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் பிப்ரவரிப் போட்டி. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கண்காட்சி மைதானத்துக் கூடத்துக்குப் புட்டிகளை அனுப்புவார்கள். கறுத்து, கனத்து, ஹாப்ஸ் தூக்கலாகக் கசந்து, இரண்டு மடக்கிலேயே ஆளைச் சாய்க்கும் இம்பீரியல் ஸ்டௌட் வகை பீர் எல்லாம் நடுவர் வெர்லினின் மேசைக்குத்தான் வரும். மனைவி இங்க்ரிட் இறந்த பிறகு, வருடத்தில் அவர் இஸ்திரி போட்ட சட்டை மாட்டுகிற நாள் அது ஒன்றுதான்.

அதனால் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கசப்பையும் இனிப்பையும் நாக்கு சொல்லும். எரிவைத் தொண்டை சொல்லும். வாசனைக்கு லோர்னாவின் முகம் இருந்தது. பேரிக்காய்க் கிடங்கில் மேற்பார்வை பார்க்கும் லோர்னா பதினோரு வருடமாக அவருக்கு எதிரே உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறவள். நல்ல ஸ்டௌட் என்றால் அவளுடைய இடது புருவம் ஏறும், கெட்டது என்றால் உதடு சுருங்கும். அதைப் பார்த்துத்தான் போன வருடம் ஒப்பேற்றினார். ஏமாற்று வேலைதான். அவருக்கே அதில் வெட்கம் உண்டு.

இந்த வருடம் புட்டிகள் அதிகம். இடம் போதவில்லை என்று மேசைகளை நெருக்கிப் போட்டு, இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் எழுதி முடிக்கும்வரை பேசக்கூடாது, அடுத்தவர் தாளைப் பார்க்கக்கூடாது என்பது விதி. முதல் மூன்று கோப்பைகளை எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடந்தார்.

நான்காவது புட்டியை, நடுவர்களுக்குப் பரிமாறும் டெல்பர்ட் கொண்டுவந்து திறந்து ஊற்றினார். பழக்கதோஷத்தில் வெர்லின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. குடித்தார். கனம் சரியாக இருந்தது, கசப்பு அழுத்தமாக நின்றது, சூடு நெஞ்சுவரை இறங்கியது. ஓரக்கண்ணால் பார்த்தார். லோர்னாவின் காதும் நரைத்த முடியும்தான் தெரிந்தன. இத்தனை வருடமாக எழுதிப் பழகிய கை தானாகவே எழுதியது: பைன் பிசின், ஆரஞ்சுத் தோல், வறுத்த காபிக்கொட்டை. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று.

“முடிச்சாச்சா, மூக்காரே?” லோர்னா திரும்பித் தன் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பதினாறு.

அவள் அவருடைய தாளைப் படித்தாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவே ஏழுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, இருந்தால் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். பேச்சு என்று வந்தால் லோர்னாவிடம் யாரும் ஜெயித்ததில்லை. ஒரு தடவை ஒரே ஒரு மதிப்பெண்ணுக்காக மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை அவரோடு மல்லுக்கு நின்றவள். இன்றைக்கு ரப்பரை எடுத்து, பதினாறை அழித்து, முப்பத்தாறு என்று எழுதினாள்.

“எனக்கு ஜலதோஷம் போல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

வெர்லின் பென்சிலைக் கீழே வைத்தார்.

“என்ன வாடை அடிக்குது இதுல?”

“விடுங்க, அடுத்ததைப் பாப்போம்.”

“சொல்லும்மா.”

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “பிளாஸ்திரி. புண்ணுல ஒட்டுவோமே, அந்த வாடை. அழுக்குப் புட்டி, கிருமி உள்ள பூந்து கெடுத்திருக்கு. மூடியைத் திறந்தப்பவே அடிச்சுது. டெல்பர்ட் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு, நீங்க கவனிக்கல.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“போன வருஷமே. குடிக்காம கொள்ளாம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தீங்க. இந்த வயசுல இந்த ஆளுக்குக் கொழுப்பைப் பாருன்னுதான் மொதல்ல நெனச்சேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

“வேற யாருக்குத் தெரியும்?”

அவள் அடுத்த மேசைப் பக்கம் பார்த்தாள். வெர்லின் தலையைத் திருப்பினார். அடுத்த மேசையிலிருந்த இருவரும் சட்டென்று தங்கள் கோப்பைகளுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

“தெரிஞ்சும் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?”

“கூப்பிடலைன்னா நீங்க எங்க போவீங்க, வெர்லின்?”

பாசத்தோடுதான் கேட்டாள்.  இதைக் காய்ச்சியவன் ஏதோ ஒரு சமையலறையில் இந்தத் தாளுக்காகக் காத்திருப்பான் என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. போன வருடம் எத்தனை பேருக்கு இல்லாத பைன் பிசினை எழுதி அனுப்பினோமோ! லோர்னாவின் தாளில் முப்பத்தாறை அடித்துப் பதினாறாக்கினார். தன் தாளிலும் பதினாறு போட்டார். எழுந்து போய்விட வேண்டும் என்று மேல்கோட்டைக்கூடக் கையில் எடுத்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும்.

கோட்டை மறுபடி நாற்காலியில் மாட்டினார்.

டெல்பர்ட் ஐந்தாவது கோப்பையை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நகர்ந்தார். லோர்னா முகர்ந்தாள். பிறகு விதியை மீறி, உதடு அசையாமல், மெல்லிய குரலில் சொன்னாள்: “கறுப்புச் சாக்லேட். சாத்துக்குடித் தோல். ஹாப்ஸ் நல்லா தூக்கலா இருக்கு.”

வெர்லின் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.