ஸ்கொட்லாந்துக் குசினியில் நத்தார் லீவு

ஊருக்குப் பண்டிகை வந்தால் சமையல்காரனுக்கு வேலை கூடும். குசினியில் வெந்துகொண்டிருக்கும் சக சீவன்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஃப்ரிபூர்க் நகரில் ஒரு ஸ்கொட்லாந்துக் குடும்பத்தின் உணவகத்தில் பதினொரு வருடமாகச் சமைக்கிறேன். முதலாளி இயூன். சட்டம் போடுவது அவருடைய தாய், எண்பது வயது மோராக். அவர்கள் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.

லீவு

போன வருடம் என் மகள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் நத்தார் மத்தியானப் பூசைக்கு முதல்முறையாகத் தனியே பாட இருந்தாள். நான் மன்னார்க்காரன்; பூசை காணாத நத்தார் எனக்குக் கிறிஸ்துமஸே இல்லை. ஆனால் அதற்கு முந்திய பத்து வருடமும் அந்த நேரம் அடுப்படியில்தான் நின்றேன். மெல்ல லீவு கேட்டேன். மோராக் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்கொட்லாந்தில் ஒருகாலத்தில் திருச்சபையே நத்தாரைத் தடை செய்ததாம். நத்தார் ரொட்டி சுட்டவனைப் பிடித்து, யாருக்கு விற்றாய் என்று விசாரிப்பார்களாம். 1958 வரை பொது விடுமுறையும் இல்லையாம்.

"என்ர அப்பா நத்தார் அண்டைக்கும் வேலைக்குப் போனவர். உமக்கு மட்டும் என்ன?"

தோல்

அவர் மனத்தைக் குளிரவைக்க அவர்களுடைய நத்தார்ப் பலகாரத்தை நானே செய்தேன். மாவும் திராட்சை வத்தலும் குழைத்து, துணியில் மூட்டை கட்டி, நாலு மணித்தியாலம் அவிக்க வேண்டும். துணியை எடுத்தால் மேலே மண்ணிறத் தோல். துணியில் தடவிய மாவின் பசை என்று நினைத்து, கிழங்குத் தோல்போல உரித்துக் குப்பையில் போட்டேன். அந்தத் தோலுக்குத்தான் அவர்கள் வீட்டில் அடிபிடியே நடக்குமாம். மோராக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லீவு போச்சு என்று நினைத்தேன். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமல் வரும்வரை சிரித்தார்.

"ரொட்டி சுட்டவனை விட்டிட்டு உம்மையெல்லோ பிடிச்சிருக்கவேணும்."

கறுத்த தலை

சிரித்த வாயோடு பேரமும் பேசினார். நத்தாரை இழந்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் கொண்டாட்டத்தைப் புதுவருடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அன்று முதலில் வாசல் தாண்டுபவன் கறுத்த முடிக்காரன் என்றால் அதிர்ஷ்டம். பொன்னிற முடி கூடாது. நான் புதுவருடக் காலையில் அவர்கள் வீட்டுக்கு முதல் ஆளாக வருவதாக ஒத்துக்கொண்டால் நத்தாருக்கு லீவு.

மகள் பாடினாள். முன்வரிசை வாங்கில் இருந்து நான் அழுதேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

ஜனவரி முதலாம் திகதி காலை, சம்பிரதாயப்படி ஒரு துண்டு நிலக்கரியோடு போய் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். இந்த நாட்டில் நான் தட்டிய பல கதவுகள் வதிவிட பெர்மிட் கேட்டுத்தான் திறந்தன. பேக்கரியில் பாண் வாங்கப் போன இயூனும், வைக்கோல் நிற முடியோடு, அப்போதுதான் திரும்பி வந்தார். மோராக் கதவை அகலத் திறந்தார்.

"இயூன், உன்ர தலை சரிவராது, வெளியில நில். நீர் வாரும் தம்பி."

அன்றிலிருந்து காதோரம் எட்டிப்பார்க்கும் நரைக்கு மை பூசாமல் நான் வேலைக்குப் போவதில்லை, அடுத்த நத்தார் லீவு அந்த முடியில்தான் தொங்குகிறது.