தூதுக்காரி தூங்கிப்போனாள்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவே தூது போவது. என் காதுகுத்துக்கு ஈரோட்டிலிருந்து மாமா வந்துசேரத் தாமதமாகிவிட்டது. நல்ல நேரம் போய்விடுமே என்று அம்மா என்னை ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் உட்கார வைத்துவிட்டாள். சொந்தத் தாய்மாமன் கம்மல் டப்பாவோடு மண்டப வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் நேரில் பேசுவதில்லை.

அந்தமானுக்கு டிக்கெட் போட்டது அப்பா. கோயமுத்தூரில் பம்பு பட்டறை வைத்திருந்தார். மாமாவும் வருகிறார் என்பதை விமான நிலையத்தில்தான் சொன்னார். அம்மா முறைத்த முறைப்பு இருக்கிறதே, அடேயப்பா! மூன்று நாள் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றினோம்.

"உங்க மாமனுக்கு முறுக்கு வேணுமான்னு கேளு கண்ணு."

"வேண்டாம்னு சொல்லு அம்மணி."

இருவருக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. தூதுக்கு ஒரு முறுக்கு வீதம் நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசி நாள் சாயங்காலம், ஒரு குட்டித் தீவின் ஓரத்தில் காற்று நின்று பாய் தொங்கிவிட்டது. மறுநாள் ஊர் போய்விட்டால் பழையபடி அவரவர் வீடு, அவரவர் வீம்பு. படகோட்டி அண்ணன் இன்ஜினைப் போட எழுந்தார்.

"இருங்க, நான் ஒருக்கா பார்த்துப்போடறேன்" என்று அப்பா இன்ஜின் இருந்த கீழ்த்தட்டுக்கு இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார். "இன்ஜினுக்குத் தண்ணி இழுக்கற பம்பு போச்சுங்க. இனி நாளைக்குக் காத்தாலதான் பார்க்கோணும்."

படகோட்டி அண்ணன் ஏனோ சிரித்துக்கொண்டே நங்கூரம் போட்டார்.

"ஊருக்கெல்லாம் பம்பு செஞ்சு குடுக்கறீங்க, இதைப் பார்க்க முடியலீங்களா?" என்றாள் அம்மா. மாமா கடல்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அப்பாவின் சட்டைப் பாக்கெட் புடைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கறுப்பு ரப்பரில் ரெக்கை ரெக்கையாக ஒரு குட்டிச் சக்கரம். என்னவென்று கேட்பதற்குள் வாயில் பிஸ்கட்டைத் திணித்தார். "நீ போய்த் தூங்கு கண்ணு." இன்னும் இருட்டக்கூட இல்லை. ஆனாலும் வாந்தி மாத்திரை போட்ட அசதியில் படுத்ததும் தூங்கிப்போனேன்.

காலையில் மேலே வந்தால், அம்மாவின் கண் வீங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "டீ ஆறுது, குடி சாமி" என்று மாமாவிடமே நேராகச் சொல்கிறாள்!

"நீங்க மொதல்ல குடிங்கக்கா" என்றார் மாமா. என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, காதுமடலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைக் கேட்காமல் இவர்கள் எப்படிப் பேசலாம்?

அப்பா கீழே இறங்கினார். ஐந்தே நிமிடத்தில் இன்ஜின் ஓடியது. ஏறி வந்தபோது பாக்கெட் தட்டையாக இருந்தது.

என் உத்தியோகம் போய்விட்டது என்பது மட்டும்தான் அன்று தெரிந்தது. படிப்பு முடிந்து பட்டறைக்குப் போன முதல் நாள், பம்பைப் பிரித்து உள்ளே சுழலும் இம்பெல்லரை என் கையில் வைத்தார்கள். அதே ரெக்கை, அதே வட்டம். "அட, கெட்டிக்கார அப்பா!" என்று கத்திவிட்டேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.